எச்.இ.வி.: ஒரே தலைச்சொல்லின் கீழ் ரயில், கார், காமாலை. பொருளடைவில் எப்படிப் பிரிப்பது?

#1 தொகுப்பாளினி

அனைவருக்கும் வணக்கம். மாத இதழ் ஒன்றின் இருபது ஆண்டுத் தொகுதிகளுக்குப் பொருளடைவு தயாரிக்கும் வேலையை ஏற்றிருக்கிறேன். எழுத்துணரி மென்பொருள் எடுத்துக் கொடுத்த சொற்களை அகரவரிசைப்படுத்தியபோது, 'எச்.இ.வி.' என்ற ஒரே தலைச்சொல்லின் கீழ் மூன்று கட்டுரைகளின் பக்க எண்கள் வந்து அமர்ந்தன. எடுத்துப் பார்த்தால், ஒன்று ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்டில் புறநகர் ரயிலில் சென்றுவந்தவர் எழுதிய பயணக் கட்டுரை; இன்னொன்று பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து இழுக்கும் கார்களை (ஹைப்ரிட் எலக்ட்ரிக் வெஹிக்கிள்) பற்றியது; மூன்றாவது, 1955ஆம் ஆண்டின் இறுதியில் தில்லியில் பரவிய மஞ்சள் காமாலையைப் பற்றி (காரணம் ஹெபடைடிஸ் ஈ வைரஸ்) மருத்துவர் ஒருவர் எழுதியது. மூவருமே விரிவை முதற்பக்கத்தில் ஒருமுறை சொல்லிவிட்டு, பிறகு பக்கம் பக்கமாகக் குறுக்கத்தையே எழுதிச் சென்றிருக்கிறார்கள்.

மூன்றையும் தனித்தனித் தலைச்சொற்களாகப் பிரிக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. எந்த வடிவத்தில் பிரிப்பது என்பதுதான் கேள்வி. குறுக்கத்தை வைத்துக்கொண்டு 1, 2, 3 என்று எண் கொடுப்பதா, குறுக்கத்தையே விட்டுவிட்டுத் தமிழ் விரிவின் கீழ் போடுவதா, அல்லது மூன்றுக்கும் மூன்று விதமான முடிவா? அச்சுக்குப் போக மூன்று வாரங்கள் இருக்கின்றன.

#2 ஒற்றெழுத்து

பொருளடைவு தேடுகிறவருக்காக இருப்பது. ஆகையால் தேடுகிறவர் வாயில் எந்தச் சொல் இருக்கிறதோ அதுவே தலைச்சொல்லாக வேண்டும் என்பது என் கருத்து. 'ஹைப்ரிட் கார்' என்று தேடுவார், 'மஞ்சள் காமாலை' என்று தேடுவார். எச்.இ.வி. என்று எவரும் தேடப்போவதில்லை. குறுக்கத்தை அடியோடு நீக்கிவிட்டால் சிக்கல் தீர்ந்தது.

ஒரு சந்தேகம் மட்டும் உண்டு. புடாபெஸ்ட் ரயிலுக்கும் அதே மூன்றெழுத்துதானா? மூலத்தில் அதன் நடு எழுத்தின் மேல் ஒரு கோடு இருப்பதாக நினைவு.

#3 தண்டவாளம்67

கோடு இருக்கிறது, ஐயா, அந்தக் கோட்டில்தான் விஷயமே இருக்கிறது. வேலை நிமித்தம் நான்கு ஆண்டுகள் புடாபெஸ்டில் இருந்தவன் என்ற முறையில் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

அங்கே எவரும் அதை எழுத்து எழுத்தாகப் பிரித்துச் சொல்வதில்லை. 'ஹேவ்' என்று ஒரே சொல்லாகத்தான் சொல்வார்கள். ஹங்கேரிய மொழியில் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் தனித்தனி எழுத்து உண்டு. அந்தக் கோடுதான் ஏகாரத்தின் அடையாளம். ஆங்கிலத்தில் எழுதும்போது உதிர்ந்துபோகும் அந்த வேறுபாடு தமிழில் இயல்பாகவே நிற்கிறது. அப்படியிருக்க, ஆங்கிலத்தின் வழியாக வந்த 'எச்.இ.வி.'யை நாம் ஏன் சுமக்க வேண்டும்? நேராக 'ஹேவ்' என்று எழுதிவிடலாம்.

விரிவு 'ஹெய்யிஏர்தெக்கூ வஷூத்' என்பது. முதற்சொல் 'உள்ளூர் நலனுக்குரிய' என்று பொருள்படும். இரண்டாவது சொல்லில் 'வஷ்' என்றால் இரும்பு, 'ஊத்' என்றால் பாதை. நாம் இருப்புப்பாதை என்று சொல்வதை அவர்களும் அச்சு அசலாக அப்படியே சொல்கிறார்கள் என்று தெரிந்த நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இங்கே பதிவு செய்யாமல் இருக்க முடியவில்லை.

'உள்ளூர் நலன்' என்பது அலங்காரத்துக்காக வைத்த பெயரன்று, சட்டச் சொல். 1880ஆம் ஆண்டின் 31ஆவது சட்டம் இந்த வகைப் பாதைகளைத் தனியாக வகுத்தது. பெருவழித்தடங்களுக்கு விதித்த கட்டுமான நிபந்தனைகளை அரசு இவற்றுக்குத் தளர்த்தியது: எடை குறைந்த தண்டவாளம் போதும், வளைவுகள் கூர்மையாக இருக்கலாம், வேகம் குறைவாக இருக்கலாம். பணத்தில் பெரும்பகுதியை அந்தப் பாதையால் பயன்பெறும் ஊர்களும் நிலக்கிழார்களும் ஆலை முதலாளிகளும் பங்குகளாகப் போட வேண்டும். அன்றைய ஹங்கேரி அரசின் எல்லைக்குள், அதாவது இன்றைய ஸ்லோவாக்கியா, ருமேனியா முதலிய நாடுகளின் பகுதிகளிலும், இந்தச் சட்டத்தின் துணையோடு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பாதை போடப்பட்டது. ஆகவே ஹேவ் என்பது முதலில் ஒரு வகைமையின் பெயர். புடாபெஸ்டைச் சுற்றியிருந்த சில பாதைகளுக்கு மட்டும் அது பிற்காலத்தில் தனிப்பெயராக ஒட்டிக்கொண்டு நிலைத்துவிட்டது.

இன்று அவை ஐந்து தடங்கள். பழையது தெற்கே போவது. 1887இல் ஷொரொக்‌ஷார் வரை வந்து, 1892இல் ராட்ஸ்கெவெயை எட்டியது. அதன் நகரமுனை நிலையத்தின் பெயருக்குப் 'பொது இறைச்சிக்கூடம்' என்று பொருள். மக்களோடு சரக்கும் ஏறிய காலத்தின் நினைவு அது. வடக்கே செந்தெந்த்ரெ ஊருக்கு 1888இல் ஓடத் தொடங்கிய தடம் 1914இல் மின்மயமானது. உங்கள் பயணக் கட்டுரை அநேகமாக இதைப் பற்றியதாகத்தான் இருக்கும். நாடாளுமன்றத்துக்கு எதிர்க்கரையில், பத்யானி சதுக்கத்தின் அடியில், மெட்ரோவிலிருந்து இறங்கி நாலு படி ஏறினால் பச்சை நிற வண்டி நின்றுகொண்டிருக்கும். தான்யூப் ஆற்றை ஒட்டியே போய், அக்வின்கும் என்ற ரோமானிய நகரின் இடிபாடுகளைச் சன்னலோரத்தில் காட்டிவிட்டு, பேகாஷ்மெட்யேர் நிலையத்தோடு மாநகர எல்லை முடியும். மாநகரப் பயணச்சீட்டு அதுவரைதான் செல்லும். அதற்கு அப்பால் கூடுதல் சீட்டு வாங்கியிருக்க வேண்டும். முதல் மாதத்தில் அது தெரியாமல் நான் தண்டம் கட்டியிருக்கிறேன்.

ஒரு சிறு இடைச்செருகல்: ஹங்கேரிய மொழியில் 'ஹேவ்' என்றே பழைய சொல் ஒன்று உண்டு. வெம்மை, மனத்தின் உத்வேகம் என்ற பொருள்கள் அதற்கு உள. வெந்நீர் ஏரிக்குப் பெயர்பெற்ற ஹேவீஸ் ஊரின் பெயரில் இருப்பதும் அதே சொல்தான். ஆகையால் 'ஹேவில் வந்தேன்' என்று ஒருவர் சொன்னால், காதுக்கு 'உத்வேகத்தோடு வந்தேன்' என்றும் கேட்கும். வண்டி போகும் வேகத்தை அறிந்தவர்கள் இதற்குச் சிரிப்பார்கள்.

#4 வெண்ணாற்றங்கரை

தண்டவாளம் ஐயா விவரித்த ஏற்பாடு எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் புதிதன்று. தஞ்சை மாவட்ட வாரியம் நிலவரியோடு ரூபாய்க்கு மூன்று பைசா அன்று, மூன்று 'பை' (அணாவில் பன்னிரண்டில் ஒரு பங்கான பழைய காசு) கூடுதலாக வசூலித்து, அந்தப் பணத்தில் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்கு மீட்டர் பாதை போட்டது. 1894இல் வண்டி ஓடியது. ஓட்டும் பொறுப்பு தென்னிந்திய ரயில்வேயிடம் இருந்தது. பாதை வாரியத்தின் உடைமை, வண்டி கம்பெனியுடையது. புடாபெஸ்ட் சட்டத்தைப் பார்த்து எவரும் இதைச் செய்யவில்லை என்றாலும், தேவை ஒன்றாக இருந்ததால் ஏற்பாடும் ஒன்றாக அமைந்துவிட்டது.

தலைச்சொல்லுக்கு 'வட்டாரநலன் இருப்புப்பாதை' என்று வைத்தால், எங்கள் ஊர் ஆளும் படித்தவுடன் பொருளைப் பிடித்துக்கொள்வார்.

#5 பட்டறைப்பாண்டி

வணக்கம். கார் பழுதுபார்க்கும் தொழிலில் இருபத்தைந்து ஆண்டுகளாக இருக்கிறேன். ஒற்றெழுத்து ஐயா 'எச்.இ.வி. என்று எவரும் தேடப்போவதில்லை' என்று எழுதியிருப்பதைப் பணிவோடு மறுக்கிறேன். இப்போது வண்டியின் முதுகிலேயே அதை எழுதி விற்கிறார்கள். ஹோண்டா சிட்டியின் டிக்கிக் கதவில் வலப்பக்கம் கையை வைத்துப் பாருங்கள்: சிறிய 'இ', இரண்டு புள்ளி, பிறகு எச்.இ.வி. என்று விரலுக்குத் தட்டுப்படும். உள்ளே இருக்கும் 'இ'யும் மின்சாரம், முன்னால் நிற்கும் 'இ'யும் மின்சாரம். நம்மவர்கள் 'நடு சென்டர்' என்று சொல்வார்களே, அந்த வகை.

ஆனால் 'ஹைப்ரிட்' என்ற சொல்லும் தலைச்சொல்லாகப் போதாது. பட்டறையில் நாங்கள் மைல்டு ஹைப்ரிட், ஸ்ட்ராங் ஹைப்ரிட் என்று இரண்டாகப் பிரித்துச் சொல்வோம். முதல் வகையில் ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் ஒன்றாகச் சேர்ந்த ஒரு சிறு மோட்டார், எஞ்சினுக்குக் கை கொடுக்கும். அது தனியாகச் சக்கரத்தைச் சுற்றாது. 2015ஐ ஒட்டி மாருதியின் சியாஸ், எர்டிகா வண்டிகளில் வந்தது இந்த வகை. இரண்டாவது வகையில் எஞ்சின் அணைந்து கிடக்க, மோட்டார் மட்டுமே வண்டியைக் கொஞ்ச தூரம் இழுத்துச் செல்லும். எச்.இ.வி. என்று எழுத்துக் கணக்கில் சொல்லும்போது பெரும்பாலும் இந்த இரண்டாவதைத்தான் குறிக்கிறார்கள். இரண்டையுமே வெளியே இருந்து சார்ஜ் செய்ய முடியாது. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் விசையையும், எஞ்சின் சுழற்சியின் ஒரு பங்கையும் மோட்டாரே மின்சாரமாக்கி பேட்டரிக்குத் திருப்புகிறது. முந்தாநாள்கூட ஒருவர் புது வண்டியோடு வந்து, சார்ஜர் சொருகும் துளை எங்கே என்று பானட்டைத் திறக்கச் சொன்னார். பெட்ரோல் ஊற்றும் மூடியைத்தான் காட்டினேன்.

ஸ்ட்ராங் ஹைப்ரிட்டிலும் எல்லாம் ஒன்றன்று. 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸில், நடுவில் ஒரு பல்சக்கரம், அதைச் சுற்றிவரும் சிறு பல்சக்கரங்கள், அவற்றை அணைத்த வெளிவட்டம் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. எஞ்சினின் விசையை அதுதான் சக்கரத்துக்கும் ஜெனரேட்டருக்கும் பங்கு பிரிக்கும். இன்னோவா ஹைகிராஸிலும் அடிப்படை அதுதான். ஹோண்டாவின் வழி வேறு. ஊருக்குள் எஞ்சின் ஜெனரேட்டரை மட்டும் சுற்ற, சக்கரத்தை மோட்டார் இழுக்கும். நெடுஞ்சாலையில் ஓர் அளவான வேகம் வந்த பிறகு கிளட்ச் இணைந்து எஞ்சினே நேராகச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

தண்டவாளம் ஐயாவுக்கு ஒரு செய்தி. எஞ்சின் ஜெனரேட்டரைச் சுற்ற, சக்கரக் குடத்திலேயே மோட்டார் வைத்து ஓட்டும் காரை ஃபெர்டினாண்ட் போர்ஷே 1900இல் வியன்னாவில் லோனர் கம்பெனியில் இருந்தபோது செய்துவிட்டார். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது. உங்கள் ஹேவும் எங்கள் எச்.இ.வி.யும் ஒரே ஆஸ்திரிய ஹங்கேரியப் பேரரசில், ஏறக்குறைய ஒரே தலைமுறையில் பிறந்தவை.

#6 கல்லீரல்வைத்தியன்

ரயிலும் காரும் மாறிப்போனால் வாசகருக்கு நேரம் மட்டுமே வீண். என் துறைக்கு உரிய எச்.இ.வி.யில் விளைவு வேறு. இங்கே பலரும் கவனிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது: தமிழில் இந்தக் குறுக்கத்துக்கு உண்மையான ஆபத்து மற்ற இரண்டு எச்.இ.வி.க்களால் அன்று, எச்.ஐ.வி.யால்.

சில ஆண்டுகளுக்கு முன் விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவன் ஒருவனை அவனுடைய தகப்பனார் அழைத்து வந்தார். பையனுக்குக் கண் மஞ்சளித்திருந்தது, சோறு இறங்கவில்லை, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. ஆய்வுக்கூடத்தில் எடுத்த தாளைத் தகப்பனார் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நான்காக மடித்து மடித்து, மடிப்பு சரியாக நடு எழுத்தின் மேல் விழுந்து மை உதிர்ந்திருந்தது. ஆங்கிலப் பெரிய எழுத்தில் அந்த 'இ'யின் மூன்று கிடைக்கோடுகளும் போய்விட்டால் மிஞ்சுவது ஒரு நெடுங்கோடு, அதாவது 'ஐ'. ஊரில் யாரோ அதை எச்.ஐ.வி. பாசிட்டிவ் என்று படித்துச் சொல்லிவிட்டார்கள். அவர் இரண்டு நாள் வீட்டில் எவரிடமும் பேசாமல் இருந்திருக்கிறார். ஈ வகைக் கல்லீரல் அழற்சிதான், பெரும்பாலும் ஓரிரு மாதத்தில் தானே வடிந்துவிடும் என்று நான் சொன்னபோது, அவர் மகனைப் பார்க்கவில்லை, தாளைத்தான் மறுபடி வாங்கிப் பார்த்தார்.

மை உதிராமல் இருந்தாலும் தமிழில் இடர்ப்பாடு உண்டு. 'இ' என்ற நம் எழுத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து எழுதும் எல்லாரும் 'ஐ' என்ற ஆங்கில எழுத்தைத்தான் இடுகிறார்கள். ஆகவே 'எச்.இ.வி.' என்று தமிழில் அச்சிட்டதை ஒருவர் கைபேசியில் ஆங்கிலத்தில் தட்டித் தேடினால், அவர் போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் எச்.ஐ.வி.தான். தேடுகிறவர் வாயில் என்ன சொல் இருக்கிறது என்று ஒற்றெழுத்து ஐயா கேட்டார். அவர் விரலில் எந்த எழுத்து வருகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அதற்காக 'மஞ்சள் காமாலை' என்ற தலைச்சொல்லும் போதாது. காமாலை ஓர் அறிகுறி. பித்தநாளத்தில் கல் அடைத்தாலும் வரும், மதுவாலும் வரும், ஏ வகை வைரசாலும் வரும். எல்லாவற்றையும் ஒரே பெயரில் அழைப்பதால்தான் எல்லாவற்றுக்கும் ஒரே கீழாநெல்லியைக் கொடுக்கிறார்கள். ஈ வகை பெரும்பாலானவர்களுக்குத் தானே சரியாகிவிடுவதால் புகழ் கீழாநெல்லிக்குப் போகிறது. அதில் எனக்கு வருத்தமில்லை. கருவுற்ற பெண்ணுக்கு, அதுவும் கடைசி மூன்று மாதங்களில், இந்த வைரஸ் வந்தால் நூற்றுக்கு இருபது முதல் இருபத்தைந்து பேர் வரை இறக்கக்கூடும். அந்த வீட்டிலும் மூலிகையோடு காத்திருப்பதுதான் வருத்தம்.

ஆகவே என் பரிந்துரை: 'கல்லீரல் அழற்சி, ஈ வகை' என்று முழுமையாக எழுதுங்கள். குறுக்கம் வேண்டாம்.

#7 ஒற்றெழுத்து

பட்டறையாரின் மறுப்பையும் மருத்துவரின் விளக்கத்தையும் ஏற்கிறேன். என் முதற்கருத்தைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் மருத்துவர் ஐயாவின் பரிந்துரையில் ஒரு முள் இருக்கிறது. 'ஈ வகை' என்று நெடிலில் எழுதினால் தமிழனுக்கு முதலில் தோன்றுவது ஆங்கில எழுத்தன்று, பண்டத்தில் மொய்க்கும் பூச்சி. ஒரு சுகாதார முகாமுக்கு நான் துண்டறிக்கை திருத்திக் கொடுத்தபோது நேர்ந்த அனுபவம் இது. 'ஹெபடைடிஸ் ஈ பரவுகிறது, எச்சரிக்கை' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். முகாமுக்கு வந்த மூதாட்டி ஒருவர், வீட்டில் ஈ மருந்து அடித்துவிட்டதாகவும் இனிப் பயமில்லை என்றும் நிம்மதியாகச் சொன்னார். தண்ணீரைக் கொதிக்க வைப்பதைப் பற்றிய வரி அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்தது. திருத்திய என் கண்ணுக்கு அந்த ஈ படவே இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

குறிலில் 'இ வகை' என்று எழுதினால் பூச்சி பறந்துவிடும். ஆங்கில எழுத்தின் ஒலி நெடில்தானே என்ற கேள்வி எழலாம். இ-சேவை, இ-மெயில் என்று எழுதிப் பழகிய கைகளுக்கு அது ஒரு தடையன்று.

#8 கல்லீரல்வைத்தியன்

மூதாட்டியின் தர்க்கத்தில் குறை காண முடியவில்லை. 'இ வகை' என்றே வைத்துக்கொள்வோம்.

அந்த எழுத்து எப்படி வந்தது என்பதையும் தொகுப்பாளினி அம்மா அறிந்திருப்பது நல்லது. ஏனெனில் தில்லிக் கட்டுரை பேசும் காலத்தில் அந்தப் பெயரே கிடையாது. 1955இல் வெள்ளம் வடிந்த பின் யமுனையின் போக்கு மாறி, நஜஃப்கர் கால்வாயின் கழிவுநீர் வஜீராபாத் நீரேற்று நிலையத்தின் வாய்க்கு வந்து சேர்ந்தது. குளோரின் அளவைக் கூட்டினார்கள். டைபாய்டு பெருகவில்லை, ஆனால் சில வாரங்கள் கழித்து, டிசம்பரிலும் ஜனவரியிலுமாக, ஏறக்குறைய 29,000 பேருக்குக் காமாலை கண்டது. பாக்டீரியாவைக் கொன்ற அளவு மருந்து இந்த வைரசுக்குப் போதவில்லை என்பதும், நோய் அரும்ப ஐந்தாறு வாரங்கள் ஆகும் என்பதும் அந்த ஒரே நிகழ்ச்சியில் கண்கூடாகத் தெரிந்தன. அப்போது அதை இன்று ஏ வகை என்று நாம் சொல்லும் நோயாகவே எடுத்துக்கொண்டார்கள். பாதுகாத்து வைத்திருந்த இரத்தநீரைப் பிற்காலத்தில் சோதித்தபோதுதான் ஏ வகையும் இல்லை, பி வகையும் இல்லை என்று தெரியவந்தது.

1978இல் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் பரவிய காமாலையை ஊர் ஊராகச் சென்று ஆராய்ந்த மருத்துவர் முகமது சுல்தான் குரூ, இது தனியொரு நோய் என்று 1980இல் எழுதினார். கருவுற்ற பெண்களே அதிகம் இறந்ததையும் அவர் கவனித்துப் பதிவு செய்தார். அடுத்தது சோவியத் ஆய்வாளர் மிகயீல் பலயான். ஆப்கானிஸ்தானில் இருந்த படைவீரர்களிடையே காமாலை பரவியபோது, நோயாளிகள் ஒன்பது பேரின் மலத்திலிருந்து எடுத்த சாற்றைத் தாமே குடித்தார். ஏ வகைக்கு அவர் உடலில் ஏற்கெனவே எதிர்ப்பாற்றல் இருந்தது. ஆகவே காமாலை வந்தால் அது வேறொன்று என்று உறுதியாகும் என்பது அவர் கணக்கு. வந்தது. தம் மலத்திலேயே வைரஸ் துகள்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டு 1983இல் வெளியிட்டார். இன்று வைரசுக்கு உள்ள அறிவியல் பெயரின் பின்பாதி 'பலயானி' என்பது அவரைக் குறிப்பதுதான். 'இ' என்ற எழுத்து வரிசையில் ஏ, பி, சி, டி ஆகியவற்றுக்கு அடுத்து நின்றது. குடல்வழி என்பதற்கும் கொள்ளைநோய் என்பதற்கும் ஆங்கிலத்தில் அதே முதலெழுத்து அமைந்தது ஒரு வசதி.

இன்னொன்று, அதிகம் பேச வேண்டாத ஒன்று: எங்கள் துறைக்குள்ளேயே இந்தக் குறுக்கம் இரட்டைப் பிள்ளை. நிணநீர்க் கணுக்களில் வெள்ளணுக்கள் இரத்தத்திலிருந்து இறங்கும் தனிவகை நுண்சிரைகளுக்கும் எச்.இ.வி. என்றே பெயர். உங்கள் இதழில் அது வந்திருக்காது என்று நம்புகிறேன்.

#9 தண்டவாளம்67

மருத்துவர் காட்டிய எழுத்துச் சிக்கலோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புடாபெஸ்டின் அந்தப் பாதைகளை நடத்திய நிறுவனம் 1968இல் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தோடு இணைக்கப்படும் வரை தனியாக இருந்தது. அதன் பெயரில் நகரத்தின் முதலெழுத்து முன்னால் சேரும். அது புத்தகத்துக்குரிய 'பி'. பட்டறையார் இனிமேல் சொல்லப்போகும் பிளக்-இன் ஹைப்ரிட்டுக்கும் முன்னால் ஓர் எழுத்து சேரும். அது பம்பரத்துக்குரிய 'பி'. தமிழில் இரண்டும் 'பி.எச்.இ.வி.'யாகவே வந்து நிற்கும். ஆங்கில அச்சில் கோட்டாலும் எழுத்தாலும் விலகி நிற்பவை, நம் அச்சில் அட்சரம் பிசகாமல் ஒன்றாகிவிடுகின்றன. எண் கொடுத்துப் பிரிக்கும் முறை இங்கே உதவாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

#10 பட்டறைப்பாண்டி

நான் சொல்ல நினைத்ததை ஐயா முன்கூட்டியே எடுத்துக்கொண்டார். ஆம், பிளக்-இன் என்பது வெளியிலிருந்தும் சார்ஜ் ஏற்றக்கூடியது. அதோடு முழு மின்வாகனத்துக்கு 'பி.இ.வி.' என்று வேறு எழுதுகிறார்கள். அங்கே 'பி' பேட்டரி. ஓர் எழுத்து முன்னால் வருவதிலும் நடுவில் விழுவதிலும் இங்கே பணம் இருக்கிறது. முழு மின்வாகனத்துக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 5 சதவீதம், பச்சை நம்பர் பிளேட். ஹைப்ரிட்டுக்குப் பச்சைப் பிளேட் கிடையாது. 2025 செப்டம்பர் 22க்குப் பிறகு, நான்கு மீட்டருக்கு மிகாத நீளமும் 1200 சி.சி.க்கு மிகாத பெட்ரோல் எஞ்சினும் உள்ள ஹைப்ரிட்டுக்கு 18 சதவீதம், அதைவிடப் பெரியதற்கு 40 சதவீதம். 'எலக்ட்ரிக் என்று எழுதியிருக்கிறதே, ஏன் வெள்ளைப் பிளேட்' என்று கேட்கிறவர்களுக்கு இதை விளக்குவதற்கே ஒருநாள் போதாது.

தமிழ்ப் பெயர் குறித்தும் ஒரு வார்த்தை. சில கட்டுரைகளில் 'கலப்பின மின்வாகனம்' என்று பார்க்கிறேன். கலப்பினம் என்பது மாட்டுக்கும் நெல்லுக்கும் சொல்வது. இங்கே இனம் எதுவும் கலக்கவில்லை. இரண்டு விசைகள் சேர்ந்து ஒரு வண்டியை இழுக்கின்றன. 'இருவிசை வாகனம்' என்று சொல்லலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் பட்டறைக்கு வரும் எவரும் அப்படிச் சொல்ல மாட்டார் என்பதால், தலைச்சொல்லாக 'ஹைப்ரிட் கார்' இருக்கட்டும்.

#11 வெண்ணாற்றங்கரை

இருவிசை வாகனம் நன்றாக இருக்கிறது. அடைப்புக்குறிக்குள்ளாவது போடுங்கள்.

#12 தொகுப்பாளினி

அனைவருக்கும் நன்றி. முடிவு செய்ததை எழுதுகிறேன்.

ரயில் கட்டுரை 'ஹேவ்' என்ற தலைச்சொல்லின் கீழ் போகிறது; 'வட்டாரநலன் இருப்புப்பாதை, காண்க: ஹேவ்' என்று ஒரு வழிகாட்டிப் பதிவும் உண்டு. கட்டுரையை மறுபடி படித்தேன்; தண்டவாளம் ஐயா ஊகித்தபடி செந்தெந்த்ரெ தடம்தான், ஆசிரியரும் கூடுதல் சீட்டு வாங்காமல் மாட்டியிருக்கிறார். கார் கட்டுரை 'ஹைப்ரிட் கார்' என்பதன் கீழ், மைல்டு, ஸ்ட்ராங், பிளக்-இன் என்ற உட்பிரிவுகளோடு. இருவிசை வாகனத்தை அடைப்புக்குறிக்குள் சேர்த்துவிட்டேன். மருத்துவக் கட்டுரை 'கல்லீரல் அழற்சி, இ வகை' என்பதன் கீழ். 'மஞ்சள் காமாலை' என்ற சொல்லிலிருந்து அதற்கு வழிகாட்டி. 'எச்.இ.வி.' என்ற குறுக்கம் கார் பதிவுக்கு மட்டும் வழிகாட்டியாக நிற்கும். அதை வண்டியின் முதுகில் படித்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதைப் பட்டறையார் காட்டிவிட்டார்.

நுண்சிரைகள் இல்லை. ஆனால் கண்ணாடிக் கடைகளில் சொல்லும் நீலஒளியைப் பற்றிய அரைப்பக்கக் குறிப்பு ஒன்றில் அதே மூன்றெழுத்து வருகிறது; கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஆற்றல் மிகுந்த பகுதிக்கு அந்தப் பெயராம். அதை 'நீலஒளி' என்பதோடு விட்டுவிட்டேன்.

மருத்துவர் ஐயாவின் பதிவைப் படித்த பிறகு தில்லிக் கட்டுரையை வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்தேன். நான்காம் பக்கத்தில் ஓரிடத்தில், யமுனைத் தண்ணீரில் எச்.ஐ.வி. கலந்ததாக அச்சாகியிருக்கிறது. இதழ் வெளிவந்து பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. பிழைதிருத்தப் பட்டியலின் முதல் வரியாக அதைச் சேர்த்திருக்கிறேன்.